ஊழியம் பண்ணா சந்தோஷம் வரும்னு சொன்னாங்க, எனக்கு ஏன் வரல?

இரவுவானம் (இழையை ஆரம்பிச்சவர்):
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா மனசுக்குள்ள ஓடிட்டு இருக்குற விஷயம், சபையில கேட்டா வேற மாதிரி எடுத்துக்குவாங்கன்னு இங்க கேக்குறேன். சண்டே ஸ்கூல் எடுக்குறேன், வாலிபர் கூட்டம் பொறுப்பு என்கிட்ட தான், சனிக்கிழமை ஆனா ஆஸ்பத்திரி வார்டு விசிட், இது போக யார் வீட்ல என்ன ஆனாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். நான் யாரையும் குறை சொல்ல வரல, இதெல்லாம் நானே ஆசைப்பட்டு எடுத்துக்கிட்டது. ஆனா சாட்சி சொல்ல எழுந்திருக்குற எல்லாரும் "மத்தவங்களுக்கு உதவி பண்ணேன், மனசு அப்படியே நிறைஞ்சிடுச்சு"ன்னு சொல்றாங்களே, எனக்கு அப்படி எதுவும் ஆகல. ஞாயித்துக்கிழமை ஆராதனையில நல்லா இருக்கும், திங்கக்கிழமை காலையில எழுந்தா உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. என் விசுவாசத்துல கோளாறா, இல்ல இதுதான் எல்லாருக்குமா, யாரும் வெளிய சொல்றதில்லையா?

ஜெபவீரன்:
பிரதர் சோர்ந்து போகாதீங்க. பிலிப்பியர் 4:4, "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்; சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்." இது கட்டளை. உபவாசம் எடுத்து ஜெபியுங்க, சத்துரு உங்க சந்தோஷத்தை திருடப் பாக்குறான். ஆமென்.

நைட்டுட்யூட்டி:
ஜெபவீரன் தம்பி, வசனம் சரிதான், ஆனா தலையில தூக்கிப் போடாதீங்க. நான் நர்ஸ், ஐசியூல வேலை, சபையிலயும் இருக்கேன், அதனால ரெண்டு பக்கத்துல இருந்தும் சொல்றேன். அந்த பிலிப்பியர் நிருபம் பவுல் காவல்ல இருந்து எழுதினது. அதே நிருபத்துல ரெண்டாம் அதிகாரத்தை யாரும் மேடையில படிக்கிறதில்ல. பவுலோட கூட ஊழியம் பண்ண எப்பாப்பிரோதீத்து சாகுற நிலைமைக்கு போய் பிழைச்சதை எழுதும்போது, "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் எனக்கும் இரங்கினார்னு பவுல் எழுதுறார். அதாவது ஏற்கனவே ஒரு துக்கம் அவருக்குள்ள இருக்கு, அதை மறைக்கவும் இல்ல. அப்படி இருக்குற மனுஷன் தான் சந்தோஷமா இருங்கன்னு சொல்றார். ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருந்திருக்கு.

இரவுவானம் தம்பி, நேரா கேக்குறேன். தூக்கம் எப்படி? சாப்பாடு இறங்குதா? முன்னாடி பிடிச்ச விஷயங்கள் எதுவும் இப்ப பிடிக்காம போயிடுச்சா? ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா டாக்டரைப் பாருங்க, அது விசுவாசக் குறைவு இல்ல. எலியா சூரைச்செடிக்கு கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே"ன்னு சாவைக் கேட்டப்போ (1 இராஜாக்கள் 19), வந்த தூதன் பிரசங்கம் எதுவும் பண்ணல. எழுப்பி சாப்பிட வெச்சான், மறுபடியும் தூங்க விட்டான், திரும்ப எழுப்பி சாப்பிட வெச்சான். கர்மேல் மலையில பாகால் தீர்க்கதரிசிகளை ஜெயிச்ச அவ்வளவு பெரிய வெற்றி முடிஞ்ச அடுத்த அதிகாரம் இது, அதையும் கவனிங்க.

இரவுவானம்:
தூக்கம் சுமார்தான்க்கா. டாக்டர்கிட்ட போற அளவுக்குன்னு நினைக்கல, ஆனா சொன்னதை மனசுல வெச்சுக்கிறேன். எலியா விஷயம் படிச்சிருக்கேன், இப்படி யோசிச்சதில்ல.

கேள்விக்காரன்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் நம்பிக்கை இல்லாத ஆளு, சின்ன வயசுல கோயிலுக்குப் போனவன் தான். எனக்கு ஒரு சந்தேகம். நான் வருஷா வருஷம் ரத்தம் கொடுக்குறேன், நாலு பிள்ளைங்களுக்கு கணக்கு சொல்லிக் கொடுக்குறேன், நல்லாத்தான் இருக்கு மனசு. 2008ல சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன்னு மூணு பேர் பண்ணது. காலையில ஆளுங்க கையில கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, சிலரை உனக்கு செலவு பண்ணிக்கோன்னும் சிலரை அடுத்தவங்களுக்கு செலவு பண்ணுன்னும் சொல்லி விட்டாங்க. சாயங்காலம் கேட்டா அடுத்தவங்களுக்கு செலவு பண்ணவங்க தான் அதிக சந்தோஷமா இருந்தாங்க. ஆக இது மனுஷ மூளையோட வேலை. இதுல கிறிஸ்து எங்க வர்றார்? சண்டைக்கு கேக்கல, நிஜமாவே கேக்குறேன்.

ஜெபவீரன்:
மூளையைப் படைச்சதே அவர்தான் பிரதர்.

கேள்விக்காரன்:
அந்த பதிலை எதிர்பார்த்தேன் ப்ரோ. அடுத்து?

பங்குப்பிள்ளை:
நான் கத்தோலிக்கன், ஜெபத்தை செபம்னு எழுதுற கூட்டம், சண்டைக்கு வராதீங்க. கேள்விக்காரன் கேட்ட மாதிரியே ஒரு கேள்வியில தான், ஏழைங்க வீட்டுக்குப் போய் உதவுற எங்க வின்சென்ட் தெ பவுல் சபை ஆரம்பிச்சது. 1833ல பாரிஸ்ல ஃபிரடெரிக் ஓசானாம்னு ஒரு காலேஜ் பையன், அப்ப அவருக்கு 20 வயசு. விவாதக் கூட்டத்துல திருச்சபை அந்தக் காலத்துல அதைச் செஞ்சுது இதைச் செஞ்சுதுன்னு பேசிட்டு இருக்கும்போது எதிர்ல இருந்தவங்க, பழங்கதை இருக்கட்டும், இன்னைக்கு ஏழைங்களுக்கு நீங்க என்ன பண்றீங்க காட்டுன்னு கேட்டுட்டாங்க. பதில் சொல்ல முடியல. நண்பர்களைக் கூட்டிட்டு ரொசாலி ரொந்துங்கிற கன்னியாஸ்திரிகிட்ட போய், அவங்க காட்டின வீடுகளுக்குப் போக ஆரம்பிச்சாங்க. நம்பிக்கை இல்லாதவங்க கேட்ட கேள்வி தான் தள்ளி விட்டது, அதுக்கு நன்றி சொல்லணும். நானும் அந்த சபையில தான் வீடு பாக்கப் போறேன். ரெண்டு ரெண்டு பேரா போவோம். போயிட்டு வந்தா சில நாள் சந்தோஷமா இருக்கும், சில நாள் வயித்தைப் பிசையும். ரெண்டாவதுதான் அதிகம்னு சொன்னா எங்க தலைவர் கோச்சுக்குவார்.

கட்டில்வாசி:
எல்லாரும் கொடுக்குற பக்கத்துல நின்னு பேசுறீங்க. நான் வாங்குற பக்கம். விபத்துல முதுகுத்தண்டு போச்சு, இடுப்புக்கு கீழ உணர்ச்சி கிடையாது, பல வருஷமா படுக்கையும் சக்கர நாற்காலியும் தான். விசுவாசி தான் நான், அதனால பொறாமையில பேசுறதா நினைக்காதீங்க.

என்னைப் பாக்க நிறைய பேர் வந்திருக்காங்க. ஒரு குரூப் வரும், கட்டிலைச் சுத்தி நிப்பாங்க, பாட்டு, ஜெபம், வசனம், ஒரு போட்டோ. போகும்போது அவங்க முகத்துல ஒரு வெளிச்சம் இருக்கும் பாருங்க, "உங்களைப் பாத்ததுல எங்களுக்குத்தான் ஆசீர்வாதம் பிரதர்"ன்னு சொல்லுவாங்க. சரி, நல்லது. ஆனா அன்னைக்கு எனக்கு என்ன தேவைன்னு ஒருத்தரும் கேக்கல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைத் திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லன்னா படுக்கைப்புண் வந்துடும், அவங்க நின்ன நேரத்துல அந்த டைம் தாண்டிப் போச்சு, பாட்டு நடுவுல எங்க அம்மாவால சொல்ல முடியல.

இன்னொருத்தர் வருவார். அதிகம் பேச மாட்டார். வந்ததும் கையைக் கழுவிட்டு அம்மாகிட்ட "எப்ப திருப்புனீங்க"ன்னு கேப்பார். தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை, தோல் உரசாம பெட்ஷீட்டோட சேர்த்து திருப்புவார், முழங்காலுக்கு நடுவுல தலகாணி வைப்பார், குதிகால் சிவந்திருக்கான்னு விரலால அமுக்கிப் பாப்பார். அம்மா அந்த நேரத்துல போய் தூங்குவாங்க. அவர் முகத்துல வெளிச்சமெல்லாம் இருக்காது, சில நாள் வேலை முடிஞ்சு வந்த அலுப்பு தான் இருக்கும். அவர் சந்தோஷமா இருந்தாரான்னு எனக்குத் தெரியாது. அவர் சந்தோஷத்தைத் தேடி என்கிட்ட வரலங்கிறது மட்டும் தெரியும். அதனாலதான் அவர் வந்தா எனக்கு பாரமா இருக்காது.

இரவுவானம் தம்பி, உங்களுக்கு எதுவும் ஃபீல் ஆகலன்னு கவலைப்படுறீங்க. ஃபீல் ஆகாமலும் போறீங்க பாருங்க, எனக்கு அது பரவாயில்ல.

நைட்டுட்யூட்டி:
குதிகாலை அமுக்கிப் பாத்தாரா! யார் பெத்த பிள்ளையோ. எங்க வார்டுல புதுசா வர்றவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே நாளாகும்.

மார்த்தாகட்சி:
லேட்டா வந்தேன், ஆனா இது என் ஏரியா. லூக்கா 10ஐ எல்லாரும் துண்டு துண்டா பிரசங்கம் பண்றாங்க, நல்ல சமாரியன் ஒரு ஞாயிறு, மார்த்தாள் மரியாள் இன்னொரு ஞாயிறு. ஒரே மூச்சுல படிங்க, இந்த இழையில பேசுறது முழுக்க அங்கயே இருக்கு.

முதல்ல இயேசு எழுபது பேரை ஊழியத்துக்கு அனுப்புறார். அவங்க சந்தோஷத்தோட திரும்பி வர்றாங்க, பிசாசே எங்களுக்கு கீழ்ப்படியுதுன்னு. ஊழியம் சக்சஸ், டீம் ஹேப்பி. இயேசு என்ன சொல்றார்? அதுக்காக சந்தோஷப்படாம, "உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள்" (20ம் வசனம்). ஊழியத்துல இருந்து வர்ற சந்தோஷத்தை அவரே பின்னுக்குத் தள்ளிட்டார். ஏன்னா நாளைக்கு பிசாசு கீழ்ப்படியலன்னா, சண்டே ஸ்கூலுக்கு பிள்ளைங்க வரலன்னா அந்த சந்தோஷம் போயிடும். பேர் எழுதியிருக்குறது நாம பண்ணதால இல்ல, அதனால நாம பண்ணாததால அழிஞ்சும் போகாது.

அடுத்தது சமாரியன். கடைசி வரைக்கும் படிங்க. வழியில அடிபட்டு கிடந்தவனுக்கு காயம் கட்டினான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், தன் வாகனத்துல ஏத்தி சத்திரத்துக்கு கொண்டு போனான், ராத்திரி கூட இருந்தான். மறுநாள்? ரெண்டு பணத்தை சத்திரக்காரன் கையில கொடுத்து இவனை விசாரின்னு சொல்லிட்டு கிளம்பிட்டான்! திரும்பி வரும்போது பாக்கியைத் தர்றேன்னு சொன்னான், ஆனா கிளம்பினான். அவனுக்கு வேற வேலை இருந்துச்சு. அந்தக் காயம்பட்டவனுக்கு ஆயுசுக்கும் நான்தான் எல்லாமேன்னு அவன் சத்திரத்துலயே குடியேறல. இரவுவானம், எல்லா போனும் உங்களுக்கே வருதுன்னு எழுதினீங்களே, உங்க சபையில சத்திரக்காரங்களே இல்லையா? மோசேயையே அவர் மாமனார் எத்திரோ திட்டினார், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நீ ஒருத்தனே உக்காந்து நியாயம் விசாரிக்கிறியே, நீயும் சோர்ந்து போவ ஜனங்களும் சோர்ந்து போவாங்கன்னு (யாத்திராகமம் 18). மாமனார் பேச்சைக் கேட்டு உருப்பட்ட தலைவர் அவர்.

அப்புறம் எங்க தலைவி. மார்த்தாளை எல்லாரும் கிண்டல் பண்றாங்க, இயேசு வீட்டுக்கு வந்தப்ப தங்கச்சி மரியாள் உதவாம அவர் பேச்சைக் கேட்டுட்டு உக்காந்திருக்கான்னு சமையல்கட்டுல புலம்புறவன்னு. ஆனா யோவான் 12க்கு வாங்க. பஸ்காவுக்கு ஆறு நாளைக்கு முன்னாடி பெத்தானியாவுல விருந்து, "மார்த்தாள் பணிவிடை செய்தாள்"னு சின்னதா ஒரு வரி. அதே வேலை தான். புலம்பல் இல்ல, தங்கச்சி மேல கம்ப்ளெயின்ட் இல்ல, தங்கச்சி விலையேறப்பெத்த தைலத்தை பாதத்துல ஊத்திட்டு இருக்கா, இவ பரிமாறிட்டு இருக்கா. நடுவுல 11ம் அதிகாரத்துல தம்பி செத்த துக்கத்துல ஊருக்கு வெளிய நின்னு, நீர் தான் தேவகுமாரனாகிய கிறிஸ்துன்னு அறிக்கை பண்ணவ இதே மார்த்தாள் தான். வேலையை விடச் சொல்லி இயேசு எங்கயும் சொல்லல, கவலைப்பட்டு கலங்குறியேன்னு தான் சொன்னார். மார்த்தாள் மாறினாளா இல்லையான்னு வேதம் நேரா சொல்லல, இது நான் சேர்த்துப் படிக்கிறது, ஒத்துக்காதவங்க ஒத்துக்க வேணாம்.

கேள்விக்காரன்:
இது நல்லா இருக்கு, சமாரியன் கிளம்பிப் போனது எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா என் கேள்வி அப்படியே தான் நிக்குது. கட்டில்வாசி அண்ணன் சொன்ன அந்த ஆள் நாளைக்கு சர்ச்சுக்கே போகாத ஆளா இருந்தாலும் அதே மாதிரி திருப்பிப் படுக்க வெச்சிருக்கலாமே?

கட்டில்வாசி:
வெச்சிருக்கலாம். அப்படி ஒரு பிசியோதெரபி பொண்ணும் இருந்துச்சு, சாமியே கும்பிடாது, தங்கமான பொண்ணு. யூதர்கள் ஒதுக்கி வெச்ச சமாரியனையே உதாரணம் காட்டின இயேசுகிட்ட போய், உதவி பண்றது எங்க ஆளுங்க மட்டும்தான்னு நாம சொல்ல முடியுமா?

நைட்டுட்யூட்டி:
நான் ஒண்ணு சொல்றேன் கேள்விக்காரன் தம்பி. நீங்க சொன்ன ஆய்வு காலையில பணம் கொடுத்து சாயங்காலம் கேட்டது. சரி, சாயங்காலம் நல்லாத்தான் இருக்கும். பத்தாவது வருஷம்? தமியான் அருள்தந்தை 1873ல ஹவாய்ல மொலக்காய் தீவுக்கு, தொழுநோயாளிங்களை ஒதுக்கி வெச்ச இடத்துக்குப் போனார். புண்ணுக்கு கட்டுப் போட்டார், வீடு கட்டினார், சவப்பெட்டி செஞ்சார், குழி தோண்டினார், கடைசியில அதே நோய் வந்து 1889ல 49 வயசுல செத்தார். 16 வருஷம். ஒவ்வொரு சாயங்காலமும் மனசு நிறைஞ்சதாலயா இருந்தார்? எனக்கு அப்படித் தோணல. மனசு நிறையாத நாள்லயும் எழுந்து போறதுக்கு வேற ஒரு பிடி வேணும். எனக்கு அந்தப் பிடி, கிறிஸ்து என்னை முதல்ல நேசிச்சார்ங்கிறது. உங்களுக்கு வேற பிடி இருக்கலாம், என் அனுபவத்தை தான் நான் சொல்ல முடியும்.

கேள்விக்காரன்:
அப்ப அதுக்கு பேர் கடமை, மன உறுதி. சந்தோஷம்னு ஏன் சொல்றீங்க? அன்னை தெரசாவையே எடுத்துக்கோங்க, 2007ல அவங்க கடிதங்கள் வெளிவந்தப்ப உலகமே ஆச்சரியப்பட்டுச்சே, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு உள்ள இருட்டு, கடவுள் இருக்குறதே தெரியலன்னு. சிரிப்பை ஒரு போர்வைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதையும் சந்தோஷம்னு எழுதுனா வார்த்தைக்கே மரியாதை இல்ல.

பங்குப்பிள்ளை:
அந்தக் கடிதங்களை நானும் படிச்சேன், ரெண்டு நாள் பேச முடியல. உங்க பக்கம் நியாயம் இருக்கு, அதை சந்தோஷம்னு பூசி மெழுக நான் வரல. எங்க சாமியார் ஒருத்தர் அவங்க புனிதர் பட்டம் (2016) வாங்கினப்ப மறையுரையில இருட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, எனக்கு கோவம் வந்துச்சு. அதைச் சொல்லியிருந்தா பெஞ்சுல உக்காந்திருந்த எத்தனை பேருக்கு ஆறுதலா இருந்திருக்கும். நமக்கும் இருட்டு வருது, அவங்களுக்கும் வந்துச்சு, 1946ல அழைப்பு வந்து 1950ல சபை ஆரம்பிச்சு 1997ல சாகுற வரைக்கும் வேலையை விடல. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

கட்டில்வாசி:
இன்னொரு பக்கமும் இருக்கு. ஊழியம் பண்ணா தான் சந்தோஷம்னா, பண்ண முடியாத என்னை மாதிரி ஆளுங்க என்ன ஆவோம்? எமி கார்மைக்கேல் அம்மா டோனாவூர்ல எத்தனையோ பிள்ளைங்களைக் காப்பாத்தி வளர்த்தாங்க, 1931ல கீழ விழுந்தாங்க, அதுக்கப்புறம் 1951ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் படுக்கை தான், வலியோட. படுத்துக்கிட்டே எழுதினாங்க. எழுதத் தெரியாதவங்களும் படுக்கையில இருக்காங்கல்ல? அதனால எனக்கு யோவான் 15 தான். "என்னில் நிலைத்திருங்கள்"னு சொல்லிட்டு தான், உங்க சந்தோஷம் நிறைவா இருக்கத்தான் இதையெல்லாம் சொன்னேன்னு சொல்றார். நிலைச்சிருக்க கால் வேணாம்.

வேதமாணவன்:
அப்போஸ்தலர் 20:35 யாருமே சொல்லலையே, "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்". இயேசு சொன்னதா பவுல் எபேசு மூப்பர்கள்கிட்ட சொல்றது, நாலு சுவிசேஷத்துலயும் தேடினா கிடைக்காது. சும்மா தகவலுக்கு.

கட்டில்வாசி:
தெரியும் தம்பி. வாங்கத் தெரியணும்ங்கிறதும் ஒரு பாடம், இயேசு சீஷர்கள் காலைக் கழுவ வந்தப்ப பேதுரு காலைக் காட்ட மாட்டேன்னு அடம் பிடிச்சார்ல, அந்தக் கேஸ்.

இரவுவானம்:
எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். கட்டில்வாசி அண்ணா எழுதினது தான் உறுத்திக்கிட்டே இருக்கு. சனிக்கிழமை வார்டுல எங்க டீம் ஒரு கட்டிலுக்கு அஞ்சு நிமிஷம்னு போகும், எத்தனை பேரைப் பாத்தோம்னு ஞாயித்துக்கிழமை ரிப்போர்ட் வாசிக்கணும். அந்த ரிப்போர்ட்டை எழுதுறது நான் தான். திங்கக்கிழமை ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்குன்னு சொன்னேனே, யோசிச்சா ஒருத்தர் பேரும் ஞாபகம் இல்ல, எண்ணிக்கை தான் ஞாபகம் இருக்கு. வாலிபர் கூட்டத்தை இன்னொரு தம்பிகிட்ட விடலாம்னு இருக்கேன், என்னை விட நல்லா பாடுவான், பேசுவான். பாஸ்டர் என்ன சொல்லுவார்னு தெரியல. அண்ணா, வார்டுக்கு ஒருத்தரைப் பாக்கவே போறேன்னு வெச்சுக்கோங்க, போய் என்ன பண்ணணும்?

கட்டில்வாசி:
முதல்ல நிக்காதீங்க, சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க, படுத்திருக்கவன் அண்ணாந்து பாத்தே கழுத்து வலிக்கும். கட்டில் மேல உக்காராதீங்க. கூட இருக்குறவங்க யாருன்னு பாருங்க, பாதி நேரம் நோயாளியை விட அவங்க தான் ஒடஞ்சு போயிருப்பாங்க, ஒரு மணி நேரம் நான் இருக்கேன் நீங்க வெளிய போய்ட்டு வாங்கன்னு சொல்லுங்க. ஜெபம் பண்ணட்டுமான்னு கேளுங்க, வேணாம்னு சொன்னா விட்டுடுங்க, மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. அப்புறம் அடுத்த வாரம் வர்றேன்னு சொன்னா வாங்க. வர முடியாதுன்னா சொல்லாதீங்க, அதை நம்பி வாசலைப் பாத்துட்டு கிடப்போம்.

நைட்டுட்யூட்டி:
ஆளைத் தூக்குறது, திருப்புறதெல்லாம் ட்யூட்டி நர்ஸ்கிட்ட கேக்காம பண்ணாதீங்க. ஆர்வக்கோளாறுல டியூபை இழுத்து விட்டவங்களைப் பாத்திருக்கேன். கையைக் கழுவுங்க, போகும்போதும் வரும்போதும். தூக்கம் சரியாகலன்னா நான் முதல்ல சொன்னதை மறக்காதீங்க.

இரவுவானம்:
சரிக்கா, சரிண்ணா. பாஸ்டர்கிட்ட பேசிட்டு வந்து சொல்றேன்.

ஜெபவீரன்:
ஆமென் பிரதர். நீங்க பாஸ்டர்கிட்ட பேசுறதுக்காக ஜெபிச்சுக்கிறேன். எங்க சபையிலயும் அந்த ரிப்போர்ட் வாசிக்கிற பழக்கம் இருக்கு.

கேள்விக்காரன்:
ஜெபவீரன் ப்ரோ, வசனம் போடாம நீங்க எழுதின முதல் பதிவு இது. கட்டில்வாசி அண்ணா, உங்களுக்கு இப்ப அம்மாவுக்கு மாத்தி யாராவது வர்றாங்களா?

கட்டில்வாசி:
அந்த அலுப்பு ஆசாமி இப்பவும் வர்றார். செவ்வாயும் வெள்ளியும். மத்த நாள் அம்மா தான்.